குன்னூரும் சுற்றுப்புறமும்: குடிவர நினைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, ஜெகதளா, கேத்தி, உபதலை, அதிகரட்டி எல்லாம் காகிதத்தில் தனித்தனி ஊர்கள். நகராட்சி ஒன்று, கண்டோன்மென்ட் என்னும் ராணுவக் குடியிருப்பு ஒன்று, பேரூராட்சிகள், ஊராட்சிகள் என்று நிர்வாகமும் வேறு வேறு. ஊட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பழகியவர்களுக்கே தெரியாது. ஒட்டிக் கிடக்கும் இந்த ஊர்களில் வீடு வாங்க, கட்ட, வாடகைக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

குன்னூர் எப்படி நகரமானது?

பாதையால். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கமாகத்தான் மலையேறினார். 1820களில் ஊட்டியை வளர்த்ததும் அவர்தான். அப்போது குன்னூர்ப் பள்ளத்தாக்கில் இருந்தவை ஹட்டி எனப்படும் படகர் கிராமங்களும் அவற்றைச் சுற்றிய விளைநிலங்களும். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாக 1830களின் தொடக்கத்தில் முதல் மலைப்பாதை வெட்டப்பட்டதும், ஏறுபவரும் இறங்குபவரும் தங்கிப்போகும் இடமாகக் குன்னூர் மாறியது. வண்டிகள் போகத்தக்க புதிய பாதை 1871இல் வந்தது. அந்த வேலையை நடத்திய லா என்ற ராணுவ அதிகாரியின் பெயர்தான் பாதையோரம் உள்ள லாஸ் அருவிக்கு. அதற்குள் 1866இலேயே குன்னூர் நகராட்சியாகிவிட்டது.

அடுத்தது ரயில். 1899 ஜூனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மட்டுமே ரயில் வந்தது. ஊட்டிக்கு நீண்டது 1908இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் மலைமேல் போகும் சரக்கும் மலையிலிருந்து இறங்கும் சரக்கும் குன்னூரில் இறங்கி ஏறின. ஊட்டிக்கு ஆட்சியும் சுற்றுலாவும் என்றால், குன்னூருக்குக் கடைத்தெருவும் தேயிலையும் என்று பிரிந்தது இப்படித்தான். தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி, தேயிலை ஏல மையம், தேயிலை வாரிய அலுவலகம், அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தலைமையகம் எல்லாம் இன்றும் குன்னூரில்தான்.

வெலிங்டனும் அருவங்காடும் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன?

இரண்டும் அரசு உத்தரவில் பிறந்த ஊர்கள். ஜெகதளாவை ஒட்டிய மேட்டில் 1852 வாக்கில் படைவீரர் குடியிருப்பு கட்டத் தொடங்கினார்கள். முதலில் அந்த முகாமுக்கும் ஜெகதளா பெயர்தான். 1860இல் அது வெலிங்டனானது. இப்போது மதராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரியும் அங்கே உள்ளன. பிரிவினைக்குப் பின் குவெட்டாவிலிருந்து வந்த கல்லூரி அது. அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் என்னும் வெடிபொருள் தயாரிக்கும் ஆலை வந்தது. வரிசை வரிசையான குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மைதானம் என்று ஆலையைச் சுற்றி ஒரு முழு ஊர் உருவானது.

குடிவருபவருக்கு இதில் ஒரு நடைமுறை விஷயம் உண்டு. கண்டோன்மென்ட் எல்லைக்குள் வீட்டு வரி முதல் கட்டட அனுமதி வரை கண்டோன்மென்ட் போர்டிடம் போக வேண்டும். ஆலைக்கும் ராணுவ நிலத்துக்கும் பக்கத்தில் மனை என்றால், எல்லைக்கு வெளியே இருந்தாலும் பாதுகாப்புத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். முன்பணம் கொடுக்கும் முன் இதை விசாரித்துவிடுங்கள். கொடுத்த பிறகு விசாரிப்பவர்களே அதிகம்.

குன்னூரின் இன்னொரு பழைய நிறுவனம் 1907இல் தொடங்கிய பாஸ்டியர் இன்ஸ்டிடியூட். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக வந்தது. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கிறது. பூங்கா அதைவிடப் பழையது: 1874.

மக்கள்தொகை ஏறுகிறதா, குறைகிறதா?

2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011இல் 7,35,394 பேர். தமிழ்நாடே ஏறுமுகத்தில் இருந்தபோது இந்த மாவட்டம் குறைந்தது. தேயிலை விலை சரிந்ததும், பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு இறங்கியதும் முக்கியக் காரணங்கள். குன்னூர் நகராட்சியில் அந்தக் கணக்கில் 45,494 பேர்.

ஆனால் வீடுகள் குறையவில்லை. ஓய்வுபெற்றவர்கள், இரண்டாம் வீடு வாங்குபவர்கள், ஹோம் ஸ்டே நடத்துபவர்கள் ஆகியோரால் கட்டடம் பெருகிக்கொண்டே போகிறது. அதுவும் நகராட்சிக்குள் இடமில்லாததால் பெட்டட்டி, உபதலை, கேத்தி என்று விளிம்பில் பரவுகிறது. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்ச் சாக்கடையும் அதே வேகத்தில் பரவவில்லை. கீழே வரும் பல கேள்விகளுக்கு வேர் இதுதான்.

இங்கே யார் யார் வாழ்கிறார்கள்?

தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகிய பழங்குடிகளின் மலை இது. கூடலூர்ப் பக்கம் பணியரும் காட்டுநாயக்கரும் உண்டு. குன்னூர் வட்டாரத்தில் எண்ணிக்கையிலும் நிலவுடைமையிலும் முன்னால் நிற்பவர்கள் படகர்கள். அவர்கள் ஹட்டிகள் தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தை என்று நான்கு சீமைகளாகப் பிரியும். ஹட்டிக்குள் பேச்சு படக மொழியில். வெளியாள் வந்துவிட்டால் எந்தத் தயக்கமும் இல்லாமல் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

கடைத்தெருவில் கோவை, திருப்பூர் பக்கத்துத் தமிழர்களும், மலையாளிகளும், கன்னடக்காரர்களும், தலைமுறைகளாக வியாபாரம் செய்யும் இஸ்லாமியக் குடும்பங்களும் கலந்திருப்பார்கள். இவர்களோடு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள். 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியில் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ ஆனது. கண்டியிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த கைகள் இங்கே காட்டைத் திருத்தித் தேயிலை நட்டன. தோட்டம் கொடுக்கும் வரிசை வீடான லைன் வீட்டில் இருக்கும்வரை கூரை உண்டு, வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற சிக்கல் அந்தக் குடும்பங்களைத் தலைமுறை தாண்டியும் விடவில்லை. இந்த ஊரின் வரலாறு என்று வெள்ளைக்காரர் பங்களாக்களை மட்டும் பேசுபவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாசித்தே ஆக வேண்டிய அத்தியாயம் இது.

மனை வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, புல வரைபடம் என்பவை எங்கும் பார்ப்பவை. மலையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை:

முதலாவது, நிலம் தேயிலை, விவசாய வகைப்பாட்டில் இருந்தால் வீடு கட்ட வகை மாற்றம் வேண்டும். "பக்கத்தில் எல்லாரும் கட்டியிருக்கிறார்களே" என்பது அனுமதி ஆகாது. இரண்டாவது, 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலமா என்று வனத்துறையிடம் கேளுங்கள். அந்த நிலத்தை விற்கவும் மரம் வெட்டவும் தனி அனுமதி தேவை. மூன்றாவது, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமா என்று பாருங்கள். 1990இலிருந்து இயங்கும் இந்தக் குழும வட்டாரங்களில் அனுமதி பல துறைகளைத் தாண்டி வர வேண்டும். சொந்த மனையில் உள்ள மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலிவாக நிலம் வருகிறது என்றால் ஒரே வரி: ஜென்மம் என்னும் பழைய நிலவுடைமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் அடங்கும் நிலத்தைத் தொடாதீர்கள்.

பத்திரம் சரியாக இருந்தாலும் மழை நாளில் ஒருமுறை மனைக்குப் போய் நில்லுங்கள். மேல்வீட்டுத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, உங்கள் மனைக்குள் ஓடை ஏதும் இருந்து மூடப்பட்டிருக்கிறதா என்று எந்தப் பத்திரமும் சொல்லாது.

சரிவில் வீடு கட்டும்போது என்ன தவறு நடக்கிறது?

உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. தரைத்தளமும் ஒரு மாடியும். இது அழகுக்காக மட்டும் வைத்த விதி அல்ல, சரிவின் மேல் ஏறும் பாரத்துக்கும் சேர்த்து வைத்தது.

அதிகம் நடக்கும் தவறு, சரிவின் மேல்பகுதியை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பகுதியில் கொட்டிச் சமதளமாக்கி, அதன் மேல் வீட்டை வைப்பது. வீட்டின் ஒரு பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும் மறுபாதி கொட்டிய இளகின மண்ணிலும் நிற்கும். இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் கொட்டிய பக்கம் அமுங்கும். சரியாக இரண்டும் சேரும் கோட்டில் சுவர் வெடிக்கும். சிமென்ட் பூசினால் அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் திரும்ப வெடிக்கும். அஸ்திவாரம் முழுவதும் கெட்டி மண்ணைத் தொட வேண்டும். கீழ்ப்பக்கத் தூண்களின் ஆழம் அதனால் கூடும், செலவும் கூடும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது.

இரண்டாவது தவறு தடுப்புச் சுவர். சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீர்தான். மண் மட்டும் காய்ந்து கிடந்தால் சுமாரான சுவரே தாங்கும். ஆகவே:

- சுவரில் 7.5 முதல் 10 செ.மீ. குழாய்களை, 1.5 மீட்டர் இடைவெளியில், மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும்.
- சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே குறைந்தது 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லியும் உடைகல்லும் நிரப்ப வேண்டும். வெட்டின மண்ணையே திரும்பத் தள்ளினால் களிமண் குழாய் வாயை அடைத்துவிடும்.
- சுவரின் தலைக்கு மேலே ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் தண்ணீரைச் சுவருக்குப் பின்னால் இறங்க விடாமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

மழை நேரத்தில் குழாய்களிலிருந்து தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. பெருமழையிலும் காய்ந்தே கிடக்கும் குழாய் அடைபட்டிருக்கிறது. ஒரு நீளக் கம்பியை விட்டுக் குத்துங்கள். சுவர் வயிறு தள்ளத் தொடங்கியிருந்தால் குத்துவதோடு நிற்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மண் வெட்டும் வேலையை ஜனவரி முதல் ஏப்ரல் வரை முடிப்பது நல்லது. பொக்லைன், ஜே.சி.பி. கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி முடித்துவிடலாம் என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை அப்போதே அனுப்பிவிடுங்கள். வண்டி பறிமுதலாவது அவருடைய பிரச்சினை, நிற்க முடியாமல் நிற்கும் செங்குத்து மண்சுவர் உங்களுடையது.

கழிவுநீர்க் குழியை வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் வைப்பது வழக்கம். அதற்கு அடுத்த வீட்டின் தடுப்புச் சுவர் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் உறிஞ்சு குழி ஆண்டு முழுவதும் நனைத்துக்கொண்டிருப்பது அவர் சுவரின் முதுகை.

எந்த மாதங்களில் மண்சரிவு பயம்?

அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர்ப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, கேத்திக்கு வடகிழக்கு மழைதான் கண்டம், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே மலைப்பாதையே அடித்துச் செல்லப்பட்டது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயகரமானவை என்று குறித்துவைத்திருக்கிறது. உங்கள் இடம் அதில் உண்டா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்கலாம். அவசர எண் 1077.

கண்ணால் பார்க்கும் அறிகுறிகள்: வீட்டுக்கு மேலே தரையில் பிறை வடிவில் வெடிப்பு, நேராக நின்ற மரமோ மின்கம்பமோ சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, தெளிவாக ஓடிய ஊற்று கலங்குவது அல்லது சட்டென்று நிற்பது. நிற்பதுதான் மோசம். தண்ணீர் எங்கோ உள்ளே தேங்குகிறது என்று பொருள். இவற்றில் ஏதேனும் ஒன்றை மழையில் கண்டால் சாமான்களைப் பற்றி யோசிக்காமல் வெளியேறுங்கள்.

இத்தனை மழை பெய்தும் தண்ணீர் ஏன் தட்டுப்பாடு?

குன்னூருக்கு முக்கிய ஆதாரம் ஆங்கிலேயர் காலத்து ரேலியா அணை. ஊர் பெருத்தபின் எமரால்டு கூட்டுக் குடிநீர்த் திட்டமும் சேர்ந்தது. மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் குழாய்களில் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும், பழைய குழாய் உடையும். கோடையில் சில வார்டுகளில் பத்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். ஆழ்துளைக் கிணற்றுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வழியில்லை.

கணக்கு எளிது. நான்கு பேர், ஆளுக்கு 70 லிட்டர், பத்து நாள் என்றால் 2,800 லிட்டர் சேமிப்பு வேண்டும். ஆனால் 2,000 லிட்டர் சின்டெக்ஸ் நிறைந்தால் இரண்டு டன். அதைத் தடுப்புச் சுவரின் விளிம்பில் வைக்கும் பழக்கம் இங்கே உண்டு, வேண்டாம். கெட்டித் தரையில், விளிம்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

மழைநீரை விடாதீர்கள். 500 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழைக்கு சிந்தியது போக 370 லிட்டராவது தேறும். தகரக் கூரையில் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள், சில்வர் ஓக் இலையும் குரங்கு எச்சமும் அதோடு போகும்.

போக்குவரத்து எப்படி?

ஊட்டிக்கு 19 கி.மீ., மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 34 கி.மீ. மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வண்டிக்கு வழி விடுவது இங்கே மரியாதை மட்டுமல்ல, விதி. இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு மாறாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் கருகல் வாடை வரும், அதன் பின் மிதித்தாலும் பிடிக்காது. நியூட்ரலில் இறக்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் உயிரைக் குடித்திருக்கிறது. நிறுத்தும்போது முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எடுக்கும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மலை ரயில் 46 கி.மீ. ஓடுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம், 12.5 அடிக்கு ஓரடி ஏற்றம். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேட்டுப்பாளையம் ரயில் சுற்றுலாக்காரருக்கு, மழைக்காலத்தில் பாறை விழுந்து அடிக்கடி ரத்தாகும். உள்ளூர்வாசிக்குப் பயன்படுவது வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும் குன்னூர்–ஊட்டி ரயில். சீசனில் ரோடு நிற்கும்போது அதுதான் நேரத்துக்குப் போகும்.

2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. டி.என். 43 பதிவெண் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. வீட்டுக் கிரகப்பிரவேசத்தை மே மாதம் வைத்து, கீழேயிருந்து உறவினர்களை அழைப்பவர்கள் முன்பே சொல்லிவையுங்கள்.

சமையலும் வீட்டுப் பராமரிப்பும் மாறுமா?

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும், குக்கர்தான். கீழே மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து வையுங்கள். இட்லி மாவு மார்கழியில் ஒரு ராத்திரியில் பொங்காது. மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி, கம்பளி சுற்றி, அணைந்த அடுப்பின் பக்கத்தில் வைத்தால் 14 மணி நேரத்தில் எழும்பும். உப்பை முதலிலேயே முழுதாகப் போடாமல், பொங்கிய பின் மீதியைச் சேருங்கள்.

பூஞ்சைதான் பெரிய எதிரி. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடம் விடுங்கள். தோல் செருப்பு, பெல்ட், சர்ட்டிபிகேட் மூன்றையும் வெயில் அடிக்கும் நாளில் வெளியே எடுத்து வையுங்கள். மண்ணில் புதைந்த பின்சுவர் உள்ள அறையைப் படுக்கையறையாக்காதீர்கள், குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு வரலாம்.

காட்டு விலங்குகள்?

வரும். காட்டுமாடு தேயிலைத் தோட்டத்திலும் ரோட்டிலும் சாதாரணமாக நிற்கும். அதன் வழியை மறிக்காமல், ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். தனியாக நிற்கும் கிழட்டுக் காளையிடம் கூடுதல் எச்சரிக்கை. கரடிக்கு எண்ணெய் வாடை பிடிக்கும். கோயில் கதவை உடைத்து விளக்கில் உள்ள எண்ணெயைக் குடித்துப் போகும் செய்தி ஆண்டுதோறும் வரும். எண்ணெய் டின், பலாப்பழம், மிச்சச் சோறு எதையும் வெளியே வைக்காதீர்கள். சிறுத்தை தேடி வருவது நாயை. இரவில் நாய் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

பிளாஸ்டிக் விதி?

கடுமையானது. கடைப் பை மட்டுமல்ல, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் கூடாது. அபராதம் உடனே போடுவார்கள்.

ஊர் நிகழ்ச்சிகளில் புதியவர் எப்படிச் சேர்வது?

சித்திரையில் தந்தி மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குன்னூரே திரளும், அங்கே யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக்காட்சி. ஜனவரி வாக்கில் ஹெத்தையம்மன் பண்டிகை. வெள்ளை உடுத்திய படகர்கள் ஊர் ஊராக நடந்து கோத்தகிரிப் பக்கம் பேரகணிக்குப் போவார்கள். ஹட்டிக் கோயிலில் செருப்பு எங்கே கழற்றுவது, எதுவரை போகலாம் என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன்பும் கேளுங்கள்.

ஹட்டியில் சாவு விழுந்தால் அன்று அந்த ஊரார் பெரும்பாலும் வேலைக்கு வர மாட்டார்கள். உங்கள் கான்கிரீட் அன்றைக்கு என்றாலும் தள்ளி வையுங்கள். முடிந்தால் போய்த் தலைகாட்டிவிட்டு வாருங்கள். பத்து வருடம் குடியிருந்தும் கிடைக்காத ஊர்ப்பழக்கம் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும்.

வீட்டோடு அரை ஏக்கர் தேயிலையும் வந்தது. என்ன செய்வது?

லாபம் எதிர்பார்க்காதீர்கள், காடாக விடவும் விடாதீர்கள். விட்டால் செடி மரமாகும், காட்டுப்பன்றியும் சிறுத்தையும் தங்கும். பக்கத்து விவசாயிக்குப் பறிப்புக்கு விடுவதே எளிது. நீங்களே செய்வதென்றால் 10 முதல் 14 நாளுக்கு ஒரு சுற்று, இரண்டு இலையும் ஒரு மொட்டும். சுற்று தாமதமானால் இலை முற்றும், தொழிற்சாலையில் விலையைக் குறைப்பார்கள். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். பறித்ததைச் சாக்கில் அமுக்கி வெயிலில் வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். வலைப் பையில் தளர்வாகப் போட்டு, நிழலில் வைத்து, அன்றே கொடுத்துவிடுங்கள். கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினரானால் மாத விலை வங்கிக் கணக்குக்கு வரும்.

நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து, அதாவது செடியின் கிளைகளை வெட்டிக் குட்டையாக்குவது. வெட்டின சுள்ளியை எரிக்காமல் செடிகளுக்கு நடுவிலேயே பரப்பிவிடுங்கள், கவாத்துக்குப் பின் வெறுமையாகும் மண்ணை அடுத்த மழையில் அது பிடித்துக்கொள்ளும்.